முள் பாதியைத் தாண்டினால்

சென்ற வாரம் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் மகள் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். எஞ்சின் நின்றுவிட்டது. ஆனால் முன்பக்கத்தில், மூடிக்கு அடியில், காற்றாடி மட்டும் ‘ஊங்…’ என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பெல்ட்டைக் கழற்றினேன், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“மா, எறங்குங்க லா. கடை மூடிரப் போறாங்க.”

“இரு. அது நிக்கட்டும்.”

“அது தன்னால நிக்கும் மா. நீங்க ஒக்காந்து பாத்துக்கிட்டாதான் நிக்குமா?”

என் மகள் ஷாமினிக்கு இருபத்தாறு வயது. காரின் காற்றாடி நிற்கும் வரை நான் இறங்க மாட்டேன் என்பதை அவள் என்னுடைய கிறுக்குகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். கேஸ் அடுப்பை மூன்று முறை சரிபார்ப்பது, மழை மேகத்தைக் கண்டால் துணியை எடுப்பதற்கு முன் சாமி விளக்கை ஏற்றுவது, இவற்றோடு அதுவும் ஒன்று. நான் மறுத்துப் பேசுவதில்லை. பிறந்ததிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அந்தக் காற்றாடிச் சத்தம் எனக்குப் பயம் இல்லை. பயம் விலகுகிற சத்தம் அது. இதை அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பக்கத்தில் யாருடைய காரோ சூடாகியிருக்க வேண்டும். ஜன்னல் இடுக்கு வழியாக அந்த வாசம் வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் பச்சையாக ஒன்றைக் கலப்பார்களே, அது கொதித்தால் வருகிற வாசம். சர்க்கரைப் பாகு அடிபிடித்த மாதிரி இனிப்பாக இருக்கும். தீபாவளிக்குப் பலகாரம் செய்யும்போது பாகு தீய்ந்தால்கூட நான் அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடிப்போய்க் காரைப் பார்த்த காலம் உண்டு. அந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். இது தொடங்கியபோது ஷாமினிக்கு நான்கு வயது.

நாங்கள் தம்போயில் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய்ச் சம்பல் வதக்கினால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் நானும் பிள்ளையும் மட்டும்தான். பிள்ளைக்கு இழுப்பு நோய் இருந்தது.

இழுப்பு என்றால் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் ஒரு சின்ன இருமல். அப்புறம் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். அப்புறம் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து போகும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் வாயில் வைத்து அழுத்தும் மருந்து பம்ப் கொடுத்தால் போதாது. மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வேண்டும். ‘காஸ்’ என்றுதான் நாங்கள் சொல்வோம். எங்கள் தாமான் கிளினிக்கில் அந்த இயந்திரம் கிடையாது. டவுனில் ஒரு குழந்தை மருத்துவரிடம் இருந்தது. அங்கே போய்ச் சேரத்தான் கார் வாங்கினோம்.

மூன்றாம் கையோ நான்காம் கையோ, மெரூன் நிறத்தில் ஒரு பழைய கார். இருக்கைத் துணியில் முந்தைய சொந்தக்காரரின் சுருட்டு வாசம் போகவே இல்லை. லைசன்ஸ் எடுத்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த நான், வேறு வழியில்லாமல் அதை ஓட்டினேன். கோயிலில் பூசை போட்டோம். ஐயர் மூடியைத் திறந்து எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஏற்றி நசுக்கச் சொன்னபோது நான் பின்னால் எடுக்க வேண்டிய இடத்தில் முன்னால் எடுத்து, ஐயரைத் தேங்காய்த் தட்டோடு இரண்டடி துள்ள வைத்தேன். அவர் கோபப்படவில்லை. “மெதுவாம்மா, மெதுவா” என்று மட்டும் சொன்னார்.

பூசை முடிந்த மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைக்கு இழுப்பு நிற்க வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தேன். அப்போது ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, தாள் மட்டும் இல்லை, தங்க நிறத்தில் காசும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காசும் ஒரு துண்டு விரலி மஞ்சளும். நோய் நின்றதும் முடிச்சைக் கொண்டுபோய் உண்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை சாமி மேடையில் இருப்பதுதான் வழக்கம். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளையின் உயிர் இருப்பது சாமி மேடையிலா, இந்தக் காரிலா? நடுவழியில் கார் நின்றுவிட்டால் மேடையில் இருக்கும் முடிச்சு என்ன செய்யும்? எனவே காரிலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கண்ணாடியில் தொங்கவிட்டால் என் வீட்டுக்காரர் கழற்றிவிடுவார். “ரோடு தெரிய வேணாமா?” என்பார். அதனால் மூடியைத் திறந்து உள்ளே இடம் தேடினேன். முன்பக்கத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால், வட்டமாக ஒரு சட்டம் தெரிந்தது. ஜன்னல் கம்பி மாதிரி குறுக்குக் கைகள். கட்டுவதற்கு வசதியாக இருந்தது. மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிக் கும்பிட்டுவிட்டு மூடியைச் சாத்தினேன். அது காற்றாடியின் கூடு என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் காற்றாடி என்றால் கூரையில் தொங்குவது. இது எஞ்சின் ஆறியிருந்ததால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைக்கும் இரண்டு முறைதான் இழுப்பு வந்தது, அதுவும் லேசாக. முடிச்சு வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஷாமினிக்கு இழுப்பு கண்டது. பம்ப் கொடுத்தேன், அடங்கவில்லை. பின்னிருக்கையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து டவுனுக்குக் கிளம்பினேன். தம்போய்ச் சாலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பச்சை விளக்குக்கு ஆறு கார் நகரும். முன்னால் லாரி, பக்கத்தில் தொழிற்சாலை பஸ், இடுக்கிலெல்லாம் மோட்டார் சைக்கிள். ஏர்கோன் காற்று திடீரென்று வெதுவெதுப்பாக வந்தது. ஏன் என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முள் பலகையைப் பார்த்தேன். வெப்பம் காட்டும் முள் எப்போதும் பாதியில் நிற்கும். அன்றைக்குப் பாதியைத் தாண்டியிருந்தது.

பின்னால் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம். முன்னால் மூடிக்கு அடியிலிருந்து ஏதோ களகளவென்று கொதிக்கும் சத்தம். அந்தப் பாகு வாசம் அன்றைக்குத்தான் முதல் முறையாக என் மூக்கில் ஏறியது. கைப்பேசியில் சிங்கப்பூருக்கு அழைத்தேன். நல்ல வேளை, எடுத்தார்.

“முள்ளு எங்க இருக்கு?”

“பாதிக்கு மேல. செவப்புக்கிட்ட போவுதுங்க.”

“காத்தாடி சுத்தலபோல. ஏர்கோன அடை. ஜன்னல் எல்லாத்தையும் எறக்கு. ஹீட்டரத் தொறந்து முழுசா வை.”

“ஹீட்டரா? பிள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க!”

“எஞ்சின் சூட்ட அது வெளிய எடுத்துரும். இல்லன்னா வண்டி அங்கயே நின்னுரும். சொன்னதச் செய்.”

ஜொகூர் வெயிலில் ஹீட்டர் போட்ட ஆள் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. அந்தக் காரில் அப்படி ஒரு குமிழ் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திருகினேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் படம் வரையும் நோட்டை எடுத்துப் பின்னால் விசிறினேன். முள்ளைப் பார்த்தால் பிள்ளையைப் பார்க்க முடியாது, பிள்ளையைப் பார்த்தால் முள்ளைப் பார்க்க முடியாது.

“சூடு மா… மா… சூடு மா” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

என் பிள்ளையை நானே அடுப்பில் வைத்துக் கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அடுத்த வேலை ஓடாது. ஆனால் முள் மெல்ல மெல்லக் கீழே வந்தது. இருபது நிமிடத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். காஸ் இரண்டு முறை வைத்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு அவர் சொன்னார்: “அடுத்த தடவ இவ்வளவு நேரம் வெச்சிடாதீங்கம்மா. இன்னிக்குப் பிழைச்சது அதிர்ஷ்டம்.” நான் தலையாட்டினேன். சட்டையை முறுக்கினால் ஒரு வாளித் தண்ணீர் வந்திருக்கும்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். மறுநாள் காலையில் கோப்பியைக் குடித்துவிட்டு மூடியைத் திறந்தார். கப்பலையே பிரித்துப் போடும் மனிதர், கார் எம்மாத்திரம் என்ற நடை. ஏர்கோனைப் போடச் சொன்னார்; ஏர்கோன் போட்டால் காற்றாடி உடனே சுற்ற வேண்டுமாம். சுற்றவில்லை. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எரிந்திருந்தது. “அவ்வளவுதான், அம்பது காசு வேலை” என்று புதிதாக ஒன்றைச் செருகினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதுவும் எரிந்தது. இன்னொன்று. அதுவும் போயிற்று. அவர் முகத்தில் கோப்பி குடித்த களை மறைந்தது.

“எங்கயோ வயரு ஷார்ட்டு” என்றார். காற்றாடிக்குக் கரண்டு போக விடுகிற ரிலேயை மாற்றினார். ரேடியேட்டரின் அடியில் சூட்டைப் பார்த்துக் கட்டளை கொடுக்கிற சுவிட்சையும் மாற்றினார். ஒரு முழு வயரைப் புதிதாக இழுத்தார். மறுபடியும் ‘டிக்’. கடைசியில் குனிந்து காற்றாடியைத் தொட்டுப் பார்க்கக் கையை உள்ளே விட்டார்.

“கைய விடாதீங்க!” என்று நான் கத்திய கத்தில் எதிர்வீட்டுச் சேவல் கூவியது. காற்றாடி தானாகவே எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும், விரலைத் துண்டாக்கும் என்று அன்று காலையில் அவரேதான் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடவில்லை. அன்றைக்கு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் எட்டிப் பார்த்தேன். நான் கட்டிய இடத்தில் முடிச்சு இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது, லாரி ஏறியிருக்கும், அதனால்தான் பிள்ளைக்கு அவ்வளவு கடுமையாக இழுத்தது என்று நினைத்தேன். காற்றாடிக்கும் முடிச்சுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. சொன்னால் திட்டுவார் என்று பயம். சொல்லாமல் இருந்தால் சாமி திட்டும் என்று பயம். அவர் பக்கத்தில் இருக்கிறார், சாமி கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எனவே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அவர் சாயங்காலம் கிளம்பும்போது சொன்னார்: “அடுத்த வாரம் முழுசாப் பிரிச்சுப் பாக்கலாம். வண்டி ஓடிக்கிட்டே இருந்தா எதிர்காத்துலயே எஞ்சின் ஆறிடும். நிக்காமப் பாத்துக்க.” அடுத்த வாரம் அவருக்கு ஓவர்டைம் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

நிற்காமல் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். பச்சை விளக்குகள் எத்தனை நொடி எரியும் என்பது எனக்கு மனப்பாடம். சிவப்பு விழும் போலிருந்தால் இடது பக்கம் எந்தத் தாமானுக்குள்ளாவது நுழைந்து, சந்து சந்தாகச் சுற்றி, வேறு எங்கேயோ வெளியே வருவேன். வட்டச்சாலையில் வெளியேறும் வழி அடைத்திருந்தால் நான் சேர்ந்து நிற்க மாட்டேன். வட்டத்தையே சுற்றி வருவேன். ஒரு நாள் ஐந்து சுற்றுச் சுற்றினேன். இழுப்பு இல்லாத நாளாகையால் ஷாமினி பின்னால் கைதட்டினாள். “இன்னொரு ரவுண்டு மா!” ஓரத்துக் கடையில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நான்காவது சுற்றில் எனக்குக் கையசைத்தார். நான் சிரிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நாளும் பிள்ளை இருமினால் காதைத் தீட்டிக்கொள்வேன். இது தொண்டை இருமலா, நெஞ்சு இருமலா? படுக்கும்போது அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். பிறகு வாசலுக்குப் போய்க் காரைப் பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய? ஆனாலும் பார்ப்பேன்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், இரண்டரை மணி இருக்கும், அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. பம்ப் இரண்டு முறை கொடுத்தேன். சத்தம் குறையவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மத்தியானம் நெரிசல் இருக்காது என்று நினைத்தால், அன்றைக்கென்று சாலையில் குழாய் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வழி, வரிசை நகரவே இல்லை. திரும்பிப் போகவும் இடமில்லை. முள் பாதியைத் தாண்டியது. ஹீட்டரைப் போட்டேன். இந்த முறை அதுவும் போதவில்லை. முள் சிவப்பைத் தொட்டதும் மூடியின் இடுக்கில் வெள்ளையாகப் புகை எழும்பியது. இடது பக்கம் கடை வரிசையின் கோடியில் ஒரு பட்டறையின் வாய் திறந்திருந்தது. அப்படியே திருப்பி உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தேன்.

எங்கள் ஊரில் கார் பழுது பார்ப்பவரைப் ‘போமன்’ என்றுதான் சொல்வோம். அந்தப் போமன் ஒரு சீனர். ஐம்பது வயதிருக்கும், பனியன், அரைக்கால் சட்டை, இடது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. நான் என் அரைகுறை மலாயில் உளற ஆரம்பித்ததும் அவர் தமிழில் பேசினார்.

“பயப்படாத தங்கச்சி. எல்லாரும் என்னை ஆ செங்குன்னு கூப்புடுவாங்க. யோங் பெங் பக்கம் எஸ்டேட்டுல எங்கப்பா மளிகக் கட வெச்சிருந்தாரு. தமிழ் தெரியும் லா. பாப்பாவுக்கு இன்னா?”

“இழுப்பு. டவுனுக்குப் போவணும். சீக்கிரம் போவணும்.”

அவர் தன் வேனைக் காட்டினார். நான்கு டயரும் இல்லாமல் கட்டைமேல் நின்றது. டாக்சிக்குப் போன் செய்தார். குழாய் தோண்டுவதால் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். பிள்ளையைக் காற்று வருகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டாள். நான் இன்னொரு முறை பம்ப் கொடுத்தேன். அவர் என் கையிலிருந்து கார்ச் சாவியை வாங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

“சாவி என்கிட்ட இருந்தாத்தான் வெரலு என்கிட்ட இருக்கும்” என்றார். இல்லாத அந்த அரை விரலை எனக்குக் காட்டினார்.

ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், வயர் என்று மூன்று வாரக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒன்றையும் தொடவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியை உள்ளே விட்டுக் காற்றாடியின் இறக்கையைத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். அசையவில்லை.

“கரண்டு பாக்குறது அப்பறம். மொதல்ல சுத்துதான்னு பாக்கணும். இது எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்கிது. நிக்கிற மோட்டருக்குக் கரண்டு குடுத்தா ஃபியூஸ் எரியாம இன்னா செய்யும்?”

கைவிளக்கை எடுத்து, காற்றாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்த இடுக்கில் அடித்தார். வெகு நேரம் பார்த்தார். “தங்கச்சி, இங்க வா. இது இன்னா?”

எண்ணெயும் தூசும் ஏறிக் கறுத்துப்போன ஒரு துணி, கூட்டிலிருந்து நழுவி, மோட்டாரின் அச்சில் கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருந்தது. பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். ஒரே ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் தெரிந்தது. கீழே விழுந்து காணாமல் போனதாக நான் நினைத்த வேண்டுதல், அத்தனை நாளும் காருக்குள்ளேயே இருந்து, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் காரின் கழுத்தை நெரித்திருக்கிறது. கட்டியது நான்.

“அது… கோயில் முடிச்சு” என்றேன்.

அவர் வெடுக்கென்று கையை வெளியே எடுத்தார். “அலமாக்! சாமி ஜாமானா? நா தொடக் கூடாது லா. கையெல்லாம் எண்ணெ. காலையில பன்னி எறச்சி வேற சாப்ட்டேன்.” ஒரு கட்டரை எடுத்துத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார். “நீயே வெட்டு.”

“நான் வெட்டக் கூடாதுண்ணே. வேண்டுதல் இன்னும் முடியல.”

“யாருக்கு வேண்டுன?”

நான் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

நகத்தால் அவிழ்க்கப் பார்த்தேன். நான் இறுக்கிய இறுக்கம் அப்படி. நகம்தான் உடைந்தது. வெட்டினால் வேண்டுதல் முறிந்துபோகும், வெட்டாவிட்டால் கார் நகராது. இந்த இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆ செங் விறுவிறுவென்று பட்டறையின் உட்பக்கம் போனார். சுவரில் சிவப்பாக ஒரு சாமி மாடம் இருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவினார், மூன்று ஊதுவத்தி கொளுத்தி மூன்று முறை குனிந்தார், ஏதோ முணுமுணுத்தார், திரும்பி வந்தார்.

“எங்க சாமிகிட்ட சொல்லிட்டேன். ஒங்க சாமிகிட்ட அவரு பேசிக்குவாரு. நீ வெட்டு தங்கச்சி. பாப்பாவப் பாரு.”

வெட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது, விரல் போய்விடும் என்பதால் திறந்துகொண்டே வெட்டினேன். துணி இழை இழையாகப் பிய்ந்து வந்தது. நடுவில் ஏதோ கீழே உருண்டு அடித்தகட்டில் ‘டங்’ என்று விழுந்தது. கடைசி இழை அறுந்ததும் அவர் மரப்பிடியால் இறக்கையைத் தொட்டார். காற்றாடி லேசாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு இரண்டு வயரை எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்தார்.

‘ஊங்…’

அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. காற்று என் முகத்தில் அடித்தது. “ஃபியூஸு எரிஞ்சி எரிஞ்சி மோட்டரக் காப்பாத்திருக்கு. நல்ல காலம்” என்றார். புது ஃபியூஸ் போட்டார், ரேடியேட்டர் ஆறியதும் அதன் மூடியை ஈரச் சாக்கு வைத்துத் திறந்து தண்ணீர் ஊற்றினார். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம். வளைந்த கம்பி ஒன்றை விட்டு அடித்தகட்டிலிருந்து அந்தக் காசையும் எடுத்துவிட்டார். இறக்கை அடித்து அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, மாடத்திலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து அதில் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

“இனிமே காருக்குள்ள கட்டாத லா. பாப்பா கழுத்துல கட்டு.”

மறுபடியும் அந்த வரிசையில்தான் போய் நின்றோம். முன்னால் அதே தோண்டல், அதே லாரிகள். முள் பாதிக்கு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூடிக்கு அடியில் ‘ஊங்’ என்றது. முள் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கும். எனக்கு உயிர் போகும். மறுபடியும் ‘ஊங்’, எனக்கு உயிர் வரும். அப்படியே கிளினிக் வாசல் வரை போனோம். டாக்டர் காஸ் வைத்தார். ஒரு முறை போதுமாக இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத்தானே உள்ளே ஓடினேன்? திரும்பி வந்தபோது காற்றாடி நின்றிருந்தது. அது நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லையே என்று அன்றைக்கு ஒரு குறை ஏற்பட்டது. அதைத்தான் இருபத்திரண்டு வருடமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

என் வீட்டுக்காரரிடம், ‘ஏதோ குப்பை மாட்டியிருந்ததாம்’ என்று மட்டும் சொன்னேன். “நான் அப்பவே கைய விட்டிருப்பேன், நீதான் கத்துன” என்றார். அந்தக் குப்பை எது என்று அவருக்கு இன்று வரை தெரியாது. அவர் எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஷாமினிக்குப் பத்து வயதில் இழுப்பு குறைந்தது, பன்னிரண்டில் நின்றே போயிற்று. உடனே காணிக்கை செலுத்தவில்லை. ‘ஒரு வருஷம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டேன். நின்றுவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். பிறகு இன்னொரு வருடம். அதற்கு வெகு முன்பே அந்த ஒரு வெள்ளிக் காசு செல்லாது என்று அரசாங்கம் எடுத்துவிட்டிருந்தது. செல்லாத காசை உண்டியலில் போட்டால் சாமி ஏற்குமா, மாற்றுக் காசு போட்டால் முடிந்து வைத்த காசுக்கு யார் பொறுப்பு? யாரிடம் கேட்பது? ஆ செங்கைக் கேட்டிருக்கலாம். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கடை வரிசையையே இடித்துவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. மெரூன் காரை ஒரு பழைய இரும்புக் கடையில் கொடுத்தோம். ஷாமினியின் காரில் முள்ளே கிடையாது. ஏதாவது ஆனால் ஒரு சிவப்பு விளக்கு எரியுமாம். அவ்வளவுதான். பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

காசு மட்டும் அதே சிவப்புத் தாளில் என் கைப்பையின் உள்ளறையில் இருக்கிறது.

கீழ்த்தளத்தில் காற்றாடி ஒருவழியாக நின்றது. நான் இறங்கினேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஷாமினி எனக்காகக் காத்திருக்காமல் படியில் ஏறினாள், இரண்டிரண்டு படியாக, கைப்பேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே. மூன்று மாடி. நான் கீழேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, பழக்க தோஷத்தில் அந்தப் பூனைக்குட்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். அவள் பேச்சு கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது, மேலே போய் “மா, வரீங்களா இல்லையா?” என்று கத்தியதும் கேட்டது. அவள் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கவே இல்லை.